பறந்துபோன கிளியை ஏன் தேடுகிறோம்?



கிளி வளர்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வளர்த்த கிளியைப் பறிகொடுத்தவர்களும் இருப்பீர்கள். கூட்டின் கதவு திறந்திருக்கும். உள்ளே பாதி கொறித்த செத்தல் மிளகாய் கிடக்கும். கிளி மாத்திரம் இராது. ஒரு சிறிய பறவைதான். ஆனாலும் அன்று வீடு முழுவதும் வெறுமையாகிவிடும்.

எங்கள் வீட்டில் இது ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. பத்து வயது மகள் தண்ணீர்ச் சிரட்டையை மாற்றுவதற்காகக் கூட்டைத் திறந்தாள். குசினியிலிருந்து தாய் கூப்பிட, அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கணத்தில் கிளி அவளுடைய கைக்கு மேலாக வெளியே வந்து, முற்றத்தைத் தாண்டி, பின்வளவு வேம்பின் உச்சியில் போய் இருந்தது. அரை மணி நேரம் அங்கிருந்து கத்தியது. மகன் ஏணி வைத்து ஏறினான். நான் ஒரு கொக்கத்தடியுடன் கீழே நின்று சத்தமிட்டேன். காகங்கள் மூன்று நான்கு வந்து அதனைச் சூழ்ந்துகொண்டன. அது வெருண்டு எழும்பிக் கிழக்கே பனங்கூடல் பக்கமாகப் பறந்தது. அதற்குப் பின் நாங்கள் அதனைக் காணவில்லை.

அந்த ஆத்திரத்தில் நான் மகளை ஏசிவிட்டேன். கதவைப் பூட்டத் தெரியாத உனக்குக் கிளி எதற்கு என்று கேட்டேன். அவள் அழவில்லை. வாய் பேசாமல் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து என்னுடைய சைக்கிளில் பின்னால் ஏறியிருந்தாள். அன்று மாலைவரை ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தோம். மறுநாள் பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். சந்திக் கடையில் ஒரு துண்டு எழுதி ஒட்டினோம்.

மூன்றாம் நாள் இரவு, படுக்கப் போகும்போது, மகள் என்னிடம் கேட்டாள்.

"அப்பா, அதுக்குப் போக விருப்பம் எண்டபடியாத்தானே போனது? பிறகேன் நாங்கள் தேடுறம்?"

எனக்குப் பதில் வரவில்லை. "நித்திரை கொள்ளு பிள்ளை" என்று மாத்திரம் சொன்னேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. இன்று அதனையே உங்கள் முன் வைக்கிறேன். ஏனென்றால், இது கிளியைப் பற்றிய கேள்வி மாத்திரமல்ல. நாம் நேசிக்கும் ஒன்று நம்மை விட்டுப் போகும்போது, அதன் பின்னால் போவதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது என்பதே கேள்வி.

அது எங்களுடையதா?

முதலில் மனதில் வரும் பதில் மிகச் சுலபமானது. அது எங்களுடையது; காசு கொடுத்து வாங்கியது; ஆகவே தேடுகிறோம். பசு கட்டவிழ்த்துக்கொண்டு போனால் தேடுவதில்லையா? பணப்பை விழுந்தால் தேடுவதில்லையா?

ஆனால், பழைய காலத்துச் சட்ட அறிஞர்களே இந்தப் பதிலை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். நமது நாட்டின் பொதுச் சட்டம் உரோம-ஒல்லாந்தச் சட்டம் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கொண்டுவந்தது அது. அதன் வேர் உரோமாபுரியில் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயுஸ் என்ற சட்ட அறிஞரும், 533 ஆம் ஆண்டில் யுஸ்தீனியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூலும் இந்த விடயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? காட்டு மிருகமும் பறவையும் யாருக்குச் சொந்தம் என்று அவர்கள் கேட்டார்கள். பிடித்தவனுக்குச் சொந்தம், ஆனால், அவனுடைய காவலில் இருக்கும்வரைக்கும்தான் என்று பதில் சொன்னார்கள். காவலை விட்டுத் தப்பி, கண்ணுக்கு மறைந்து, தன் இயற்கையான சுதந்திரத்தை அடைந்துவிட்டால் அது அவனுடையதல்ல. கண்ணுக்குத் தெரிந்தாலும், பின்தொடர்ந்து பிடிப்பது கடினமாகிவிட்டால் அப்போதும் அவனுடையதல்ல.

இதற்கு அவர்கள் ஒரு விலக்குக் காட்டினார்கள். புறாக்களும் தேனீக்களும் பழக்கப்பட்ட மான்களும் வெளியே போய்த் திரும்பி வருகின்றன. அப்படிப்பட்டவை வெளியே நிற்கும்போதும் உடையவனுக்கே சொந்தம். எதுவரைக்கும்? திரும்பி வரும் எண்ணம் அவற்றுக்கு இருக்கும்வரைக்கும். வருகிற வழக்கத்தை அவை விட்டுவிட்டால், எண்ணமும் போயிற்று; சொந்தமும் போயிற்று.

இன்றைய நீதிமன்றம் ஒன்று வீட்டுக் கிளியைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்லும் என்பது இங்கு நமக்கு வேண்டியதில்லை. அந்த அறிஞர்கள் எதை அளவுகோலாக எடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். கொடுத்த விலையை அல்ல. கூட்டின் பூட்டை அல்ல. அந்த உயிரின் மனதை எடுத்தார்கள். திரும்பி வர அதற்கு மனம் உண்டா என்று கேட்டார்கள்.

எங்கள் கிளிக்கு அந்த மனம் இருந்ததா? எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? மூன்று வருடங்களில் ஒரு நாளாவது அது வெளியே போய் வருவதற்கு நான் இடங்கொடுக்கவில்லை. பூட்டிய கூட்டுக்குள் இருந்துகொண்டு அது எங்கள் கையில் பழம் வாங்கித் தின்றதைப் பார்த்து, "எங்களில் எவ்வளவு பட்சம்!" என்று சொல்லிக்கொண்டோம். இருக்கலாம். ஆனால், போக முடியாத ஒன்று தங்கி நிற்பதை வைத்து அதன் அன்பை அளந்துவிட முடியுமா? எண்ணிப் பாருங்கள்.

நாம் எடுத்துக்கொண்டவை

அப்படியானால் போனதைப் போகவிட வேண்டியதுதானே என்று சிலர் சொல்வீர்கள். பறவை பறந்தது, அது அதன் இயல்பு, தேடவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம் என்பீர்கள். கேட்பதற்கு இது பெருந்தன்மையாகவே இருக்கிறது. நானும் நான்காம் நாள் அப்படித்தான் எண்ணி, தேடுவதை விட்டுவிடப் பார்த்தேன். என்னை விடவிடாமற் செய்தது கிளியின் பழைய கதை.

நம் ஊரில் சாதாரணமாகக் காணும் கிளி, கழுத்தில் வளையம் உள்ள செந்தார்ப் பைங்கிளி. இலங்கையில் உள்ள ஐந்து வகைக் கிளிகளில் அதுவும் ஒன்று. ஆண் பறவைக்கு மாத்திரமே அந்தக் கருப்பும் ரோசாவுமான வளையம் வரும். அதுவும் குஞ்சாக இருக்கும்போது வராது, இரண்டு மூன்று வருடம் செல்ல வேண்டும். மரப்பொந்துகளில் அது முட்டையிடும். நம் பக்கத்தில் தலை முறிந்து பட்டுப்போன மொட்டைப்பனைகள் அதற்கு வாய்ப்பான வீடு. அத்தகைய ஒரு பனையில் ஏறிப் பொந்துக்குள் கைவிட்டு எடுத்த குஞ்சைத்தான், மாசி மாதத்து ஒரு மாலையில், ஒரு பொடியனிடம் நான் காசு கொடுத்து வாங்கினேன். அப்போது அதற்கு இறகு சரியாக முளைக்கவில்லை. வாங்க ஆள் இருந்தபடியால்தான் அவன் ஏறினான். அந்த ஆள் நான்.

2011 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் பின்னொரு காலத்தில் வாசித்தேன். தென் அமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டில், சிட்டுக்குருவியளவான ஒருவகைச் சின்னக் கிளிகளின் கூடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே தாய் தந்தைப் பறவைகள் ஒவ்வொரு குஞ்சையும் தனித்தனி ஒலியால் அழைப்பதையும், குஞ்சு அந்த ஒலியைக் கேட்டுப் பழகித் தன்னுடைய அழைப்பொலியை அமைத்துக்கொள்வதையும் கண்டிருக்கிறார்கள். மனிதர் பெயர் வைப்பதைப் போன்றது இது. அது வேறு வகைக் கிளிதான். எனினும், அதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் எங்கள் கிளிக்குச் "சின்னான்" என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டோம். அதன் இனம் அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கக் கூடிய எல்லாவற்றையும் தடுத்துவிட்டுத்தான் அந்தப் பெயரை வைத்தோம். கிளி கூட்டமாக வாழும் பறவை. கூட்டத்தோடு சேர்ந்திருக்கவே அது ஒலிகளைப் பழகுகிறது. நம் வீட்டில் அது நம் சொல்லைச் சொல்வது, அதற்கு வேறு கூட்டம் இல்லாதபடியால்தான்.

பிறகு செட்டை வெட்டினோம். நோவு இல்லை, நகம் வெட்டுவது போலத்தான் என்று சொல்லித் தந்தார்கள். முற்றிய இறகை வெட்டினால் நோவதில்லை என்பது உண்மையே. ஆனால், அந்த இறகு வருடந்தோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும் என்பதை நாம் நினைப்பதில்லை. எங்கள் கூட்டின் அடியில் வெட்டுப்பட்ட பச்சை இறகுகள் விழுந்து கிடந்ததை நான் கண்டேன். மகள் அவற்றைப் பொறுக்கித் தன்னுடைய பாடப்புத்தகத்தில் வைத்ததையும் கண்டேன். அதன் பொருளை நான் யோசிக்கவில்லை.

வாசகரே, இங்கே எனக்கு ஓர் உண்மை உறைத்தது. மூன்று வருடமாக மகள் அந்தக் கதவை அதே விதமாகத்தான் திறந்து தண்ணீர் வைத்தாள். எத்தனையோ தடவை தாய் கூப்பிட்டுத் திரும்பியிருப்பாள். கிளி போகவில்லை; ஏனென்றால் போக முடியவில்லை. அன்று மாறியிருந்தது கதவல்ல, செட்டை. கவனித்திருக்க வேண்டியவன் நான். வாங்கியவன் நான், வெட்டியவன் நான், மறந்தவன் நான். ஏச்சு வாங்கியவள் அவள்.

அன்றிரவே மகளை எழுப்பிச் சொன்னேன்: "பிள்ளை, பிழை உன்ரை இல்லை. அப்பாவின்ரை." அவள் அரை நித்திரையில், "அப்ப நாளைக்கும் தேடுவமே?" என்று கேட்டாள்.

தேடினோம். ஆனால், இம்முறை ஏன் தேடுகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கூட்டில் வளர்ந்த கிளிக்கு எந்தக் காயை எங்கே தேடுவது என்று தெரியாது. பருந்தின் நிழலை அடையாளம் காணத் தெரியாது. பூனைக்கு ஒதுங்கத் தெரியாது. உயரத்திலிருந்து இறங்கக்கூடத் தெரியாது. அதற்கு ஏறவே முடியும், இறங்கப் பழகியிருக்காது. இந்த அறியாமைகள் எல்லாம் அது பிறக்கும்போது கொண்டுவந்தவையல்ல, நாம் கொடுத்தவை. அது காட்டில் பிழைப்பதற்கு வேண்டியதை நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்தவனுக்குக் கடன் இருக்கிறது. ஆகவே, உடைமைக்காரனாக அல்ல, கடன்காரனாகவே அதனைத் தேடினேன்.

இரண்டு தேடலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதே ஒழுங்கை, அதே கூப்பிடுதல். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. உடைமைக்காரன் தன் இழப்பைத் தேடுகிறான். கடன்காரன் மற்றதன் நலத்தைத் தேடுகிறான். எப்படி இனங்காண்பது என்று கேட்பீர்கள். உங்களை நீங்களே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அது எங்கோ ஓரிடத்தில் சுகமாக இருக்கிறது, ஆனால் இனி என்னிடம் வராது என்று ஒருவர் வந்து சொன்னால், எனக்கு நிம்மதி வருமா, கோபம் வருமா?

ஒரு கிளிக்காகவா இவ்வளவும்?

நியாயமான ஒரு மறுப்பை இங்கே சொல்லியாக வேண்டும். மனிதருக்கே இத்தனை துன்பமிருக்க ஒரு கிளிக்காகவா இவ்வளவு பாடு? நம் மண்ணில் இந்தக் கேள்விக்குத் தனியான கனம் உண்டு. 2009 இல் போர் முடிந்தது. ஆனால், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தாய்மார் தேடுவது முடியவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அவர்கள் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே கண்மூடியவர்களும் அவர்களில் உண்டு.

எங்கள் ஒழுங்கையிலும் அத்தகைய ஒரு தாய் இருக்கிறார். மகனுடைய படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருப்பார். கிளியைத் தேடிப் போகையில் அவருடைய படலையை மாத்திரம் நான் சத்தமில்லாமல் கடந்து போனேன். அவர் முன்னால் "சின்னான், சின்னான்" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் நாள் அவரே படலைக்கு வந்து மறித்தார்.

"ஏன் தம்பி, கிளி இன்னும் வரேல்லையோ?"

"இல்லை ஆச்சி. சின்ன விசயம்தானே, விடுங்கோ" என்றேன்.

"பிள்ளைக்குச் சின்ன விசயம் இல்லைத் தம்பி. கூட்டை உள்ளுக்கை வச்சிருக்கிறியளோ? அதைக் கொண்டு போய்க் கூரையிலை வையுங்கோ. அது பார்த்தால் தெரியவேணும். கதவைச் சாத்திப் போடாதையுங்கோ."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மனிதனும் கிளியும் ஒன்றல்ல. அந்தத் தாயின் தேடலையும் எங்கள் தேடலையும் ஒரே தராசில் வைப்பது பாவம். எங்கள் கிளி தானாகப் பறந்தது. அவருடைய மகன் தானாகப் போகவில்லை; அவனைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சிறியதைத் தேடுவதிலேயே மனம் ஆறிப் பெரியதை மறந்துவிடுவோமானால் அது பெரும் பிழை. ஆனால், சிறியதைத் தேடத் தெரியாதவன் பெரியதைத் தேடுவான் என்றும் நான் நம்பவில்லை. "போனால் போகட்டும், இன்னொன்று வாங்கித் தருகிறேன்" என்று பிள்ளைக்குச் சொல்லிப் பழக்குகிறோமே, அங்கே நாம் கற்பிப்பது என்ன? ஓர் உயிருக்குப் பதிலாக இன்னோர் உயிரைக் கடையில் வாங்கலாம் என்பதை அல்லவா? ஆச்சி என் மகளின் தேடலைச் சிறிதாக எண்ணவில்லை. தேடுகிறவருக்குத் தேடுகிறவரின் மனம் தெரிகிறது.

துரத்துவதும் காத்திருப்பதும்

ஆச்சி சொன்னது அனுபவமுள்ளவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. உங்களுக்கும் என்றாவது உதவக் கூடும் என்பதால் சொல்லுகிறேன். பறந்த கிளி பெரும்பாலும் முதல் நாளில் தூரம் போவதில்லை. பயந்துபோய் உயரமான ஒரு மரத்தில் இருக்கும். அதனைத் துரத்தக் கூடாது. தடி, ஏணி, சத்தம் எல்லாம் அதனை மேலும் தூரத்துக்கு அனுப்பும். நாங்கள் முதல் அரை மணி நேரத்தில் செய்த பிழை அதுதான். அதற்குப் பழக்கமான குரல் ஒன்று, வழக்கமாகச் சொல்லும் சொற்களை, அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத் தெரிந்த கூட்டை, விருப்பமான தீனியுடன், கதவைத் திறந்து, மேலேயிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். பொழுதுபடும் நேரத்தில் எந்த மரத்தில் அடைகிறது என்று பார்த்துவைத்து, விடியுமுன் அங்கே போய் நிற்க வேண்டும். விடியற்காலையிலும் மாலையிலும்தான் கிளி அதிகம் குரல் கொடுக்கும். பசியும் அப்போதுதான் அதனை இறக்கும்.

இவற்றைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பகுதி தேடலல்ல, காத்திருத்தல். போய்ப் பிடிப்பதல்ல, திரும்பி வரக்கூடிய ஓர் இடமாக நம்மை ஆக்கிக்கொள்வது.

லூக்கா நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காணாமற்போன ஆடு, காணாமற்போன நாணயம், காணாமற்போன மகன் என மூன்று கதைகள் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. ஆட்டை மேய்ப்பன் தேடிப் போகிறான். நாணயத்தை அந்தப் பெண் விளக்கேற்றி, வீட்டைக் கூட்டித் தேடுகிறாள். மகனை மாத்திரம் தந்தை தேடிப் போவதில்லை. ஏன்? அவனில் அன்பு குறைவா? இல்லை. நாணயத்துக்கு மனம் இல்லை. ஆடு வழி தவறியது. மகனோ தன் விருப்பத்தோடு போனான். விரும்பிப் போனவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தால், உடல் வீட்டுக்கு வரும், மகன் வரமாட்டான். ஆகவே தந்தை காத்திருந்தார். ஆனால், வெறுமனே இருக்கவில்லை. மகன் தூரத்தில் வரும்போதே கண்டுகொண்டார் என்றால், அவருடைய கண் எப்போதும் தெருவிலேயே இருந்திருக்க வேண்டும் அல்லவா?

கிளி ஆட்டுக்கும் மகனுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது வழி தெரியாதது; ஆகவே தேடிப் போக வேண்டும். அதற்கும் ஒரு விருப்பம் உண்டு. ஆகவே கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கவும் வேண்டும்.

பெற்றோராகிய நாம் இதைக் கிளியோடு நிறுத்திவிட முடியாது. நம் பிள்ளைகளும் போகிறார்கள். கொழும்புக்குப் போகிறார்கள், கடல் கடந்து போகிறார்கள், சில வேளைகளில் கோபித்துக்கொண்டும் போகிறார்கள். செட்டை முளைக்கிறதைக் கவனியாமல் இருந்துவிட்டுக் கதவைக் குறைசொல்கிற தகப்பன்மார் என்னைப்போல் இன்னும் பலர் இருப்பார்கள்.

நமக்குத் தொலைந்தது

எட்டு நாள் தேடினோம். கிளி கிடைக்கவில்லை.

அந்தக் கிழமை இலண்டனிலிருந்து என் தங்கை தொலைபேசியில் பேசினாள். மகளின் துயரத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்ன செய்தி எங்களுக்குப் புதிது. அங்கே பொழுதுபடும் நேரத்தில் பூங்கா மரங்களில் பச்சைக் கிளிகள் கூட்டங்கூட்டமாகக் கத்திக்கொண்டு அடையுமாம். "எங்கட ஊர்க் கிளிதான்" என்றாள். பின்னர் விசாரித்து அறிந்தேன். அது உண்மையில் நம் செந்தார்ப் பைங்கிளி இனமேதான். அந்த நாட்டில் அவை 1969 முதல் வெளியில் குஞ்சு பொரித்துப் பெருகியிருக்கின்றன. கூண்டுப் பறவைகளாகக் கொண்டுபோகப்பட்டுத் தப்பியவையும், வெளியே விடப்பட்டவையுமே அவற்றின் மூதாதையர். ஐரோப்பாவில் உள்ள இக்கிளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அவை பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பக்கத்திலிருந்து வந்தவை என்று 2015 இல் கண்டார்கள். ஆகவே, எங்கள் ஊர்க் கிளி என்று தங்கை சொன்னது முழுக்கச் சரியல்ல. ஆனாலும், பனி கொட்டும் நாட்டில் ஒரு கூண்டுக் கிளியின் சந்ததி பிழைத்திருக்கிறது. யாரோ ஒருவர் தம் பறவை செத்திருக்கும் என்று வருந்தியிருப்பார்; அது தன் இனத்தோடு சேர்ந்து குஞ்சு பொரித்திருக்கலாம்.

இதனை வைத்துக்கொண்டு, கூடுகளை எல்லாம் இன்றே திறந்து விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிழைத்தவை சில, பிழையாமல் மடிந்தவற்றை எவரும் எண்ணவில்லை. பறக்கப் பழகாத பறவையை இரக்கத்தின் பேரால் வெளியே தள்ளுவது கடனைத் தீர்ப்பதல்ல, கடனிலிருந்து தப்பி ஓடுவது. உங்களிடம் ஏற்கனவே ஒரு கிளி இருந்தால், அதற்குப் பெரிய கூடு கொடுங்கள். தனிமையில் விடாதீர்கள், உங்கள் வீடுதான் அதன் கூட்டம். வீட்டுக்குள்ளாவது செட்டை விரிக்க விடுங்கள். கிளி இருபது வருடத்துக்கு மேலும் வாழக் கூடியது. அத்தனை வருடமும் உங்கள் பொறுப்பு. ஆனால், பனைப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சை ஒருவன் படலையில் கொண்டுவந்து நீட்டும்போது, வாங்காதீர்கள். குஞ்சுக்கு இரங்கி வாங்கினாலும் அது அடுத்த பொந்துக்குக் கொடுக்கும் விலையாகிவிடும்.

எனக்கு என் கடனை அந்தக் கிளியிடம் தீர்க்க முடியவில்லை. இது ஒரு சிறு குறை என்று சொல்லித் தட்டிவிடவும் நான் விரும்பவில்லை. நாம் பட்ட கடன்களில் சில, பட்ட இடத்தில் தீர்க்க முடியாதவை. அவற்றை வேறிடத்தில்தான் தீர்க்க வேண்டும்.

கூடு இப்போது எங்கள் பின்வளவு முருங்கையில் தொங்குகிறது. கதவைக் கழற்றிவிட்டோம். மகள் தினமும் பாடசாலைக்குப் போகுமுன் அதே சிரட்டையில் தண்ணீர் வைக்கிறாள். அணில் வருகிறது, புலுனி வருகிறது, குடித்துவிட்டுப் போகின்றன. மாலையில் பனங்கூடல் பக்கமிருந்து கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு வீட்டுக்கு மேலாகப் போகும்போது அவள் முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்ப்பாள். அவற்றில் ஒன்று எங்களுடையதா என்று முதலில் கேட்பாள். இப்போது அப்படிக் கேட்பதில்லை. நேற்று அவள் கேட்டது இதுதான்:

"அப்பா, அதுகள் எல்லாத்துக்கும் இருக்கிறதுக்கு மொட்டைப்பனை காணுமோ?"